ஏழாவது வாரத்தில் தைரொயிட் குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது, செங்கலடிப் பக்கம். தைரொயிட் சுரப்புக் குறைவுக்காக மூன்று வருடங்களாக 75 மைக்ரோகிராம் தைரொக்சின் எடுத்து வந்தேன். இப்போது ஏழு வாரக் கர்ப்பம். இரண்டு வருடங்களுக்கு முன் எட்டாவது வாரத்தில் கரு கலைந்தது. குளிசையின் சூடுதான் காரணம் என்கிறார் மாமி. இந்தக் குளிசை பிள்ளையைப் பாதிக்கும் என்று ஒரு காணொளியில் பார்த்து 12 நாட்களாக நிறுத்திவிட்டேன். தைரொயிட் குறைந்தால் பிள்ளை மந்தபுத்தியாகப் பிறக்கும் என்று இப்போது இன்னொரு காணொளி சொல்கிறது. முடி கொட்டுகிறது, படபடப்பு இருக்கிறது, கழுத்தும் வீங்கியதுபோல் தெரிகிறது. கோவா, மரவள்ளி சாப்பிடலாமா? என் குளிசை முடிந்துவிட்டது. இரண்டாவது பிள்ளைக்காகக் காத்திருக்கும் அக்காவும் தைரொயிட்டுக்குக் காபிமசோல் எடுக்கிறார். தற்போதைக்கு அதை எடுக்கலாமா?

பதில்: மகள், அக்காவின் குளிசையை ஒன்றுகூட எடுக்காதீர்கள். கடைசி வரியில் நீங்கள் போகிற போக்கில் கேட்டிருக்கும் இந்தக் கேள்விக்காகத்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவைத்து உங்களுடையதற்கு முதலில் எழுதுகிறேன். கழுத்துச் சுரப்பிக்காக எடுக்கும் எந்த மருந்தையும் எங்கள் வீடுகளில் 'தைரொயிட் குளிசை' என்ற ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம். ஆனால் உங்களுடையது உடலில் குறைந்துவிட்ட சுரப்பை நிரப்பும் மருந்து, அக்காவுடையது அளவு மீறிச் சுரக்கும் சுரப்பியை அடக்கும் மருந்து. ஏற்கெனவே சுரப்புக் குறைந்த உங்கள் உடலில் அது இருப்பதையும் குறைக்கும். அதைவிட முக்கியமாக, காபிமசோல் தாயின் குருதியிலிருந்து கருவுக்குக் கடந்து செல்லும். கர்ப்பத்தின் 6ஆம் வாரத்திலிருந்து 10ஆம் வாரம் வரை எடுக்கப்பட்டால், உச்சந்தலைத் தோல் ஓரிடத்தில் உருவாகாமல் போவது, மூக்கின் பின்வழி அடைபட்டிருப்பது போன்ற பிறவிக் குறைபாடுகளுக்கு அது காரணமாகலாம். நீங்கள் இருப்பது ஏழாவது வாரம். ஒன்றிரண்டை ஏற்கெனவே விழுங்கியிருந்தால் அதை மறைக்காமல் உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த ஒன்றிரண்டுக்காகக் கர்ப்பத்தைக் கலைக்கச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால் அதற்குக் காது கொடுக்க வேண்டாம்.

உங்களுடைய குளிசையை நாளைக் காலையே மீண்டும் தொடங்குங்கள். பழைய மருந்துச் சீட்டையோ கிளினிக் கொப்பியையோ மருந்தகத்தில் காட்டினால் அதே 75 மைக்ரோகிராம் கிடைக்கும். முடிந்தால் குளிசையை விழுங்குவதற்கு முன் ரி.எஸ்.எச். பரிசோதனைக்குக் குருதியைக் கொடுத்துவிடுங்கள். தைரொயிட் சுரப்பியைத் தூண்டும் ஓமோனின் அளவு அது; உடலில் தைரொக்சின் குறைந்தால் அந்த எண் ஏறும். ஆனால் அறிக்கை வரட்டும், அதன்பிறகு தொடங்கலாம் என்று ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் இன்னும் பதியாமல் இருந்தால் இந்த வாரத்துக்குள் பதியுங்கள். பதியும்போது தைரொயிட் குறைபாட்டை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

நீங்கள் எத்தனையோ கேட்டிருந்தாலும், கடிதத்தின் அடியில் இருப்பவை இரண்டு பயங்கள்தான் என்று எனக்குத் தெரிகிறது: இந்தப் 12 நாட்களில் பிள்ளையின் மூளையைக் கெடுத்துவிட்டேனா, முதற்கரு கலைந்ததும் என்னால்தானா.

முதலாவதற்கு வருகிறேன். தைரொக்சின் உடலில் மெதுவாகக் குறையும் மருந்து. குருதியிலுள்ள அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 நாட்கள் எடுக்கும். ஆகவே 12 நாட்களின் பின்னும், நீங்கள் எடுத்து வந்த மருந்தில் மூன்றில் ஒரு பங்களவு உடலில் எஞ்சியிருக்கும். அத்துடன், சுரப்பி முற்றாகச் செயலிழந்த ஒருவருக்குப் பெரும்பாலும் 75 மைக்ரோகிராம் போதாது. உங்களுக்கு அது போதுமாக இருந்ததென்றால் உங்கள் சுரப்பி ஓரளவு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது தொடங்கினால், இந்த இடைவெளிக்காக நீங்கள் இரவில் தூங்காமல் அழ வேண்டிய தேவை இல்லை. அதேவேளை, இன்னும் ஒரு மாதம் இப்படியே விட்டிருந்தால் இதே உறுதியுடன் நான் எழுதியிருக்க மாட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கருவின் சொந்தத் தைரொயிட் சுரப்பி ஏறத்தாழ 12ஆம் வாரத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது, 18 முதல் 20 வாரமாகும்போதுதான் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வருகிறது. மூளையின் அடித்தளம் போடப்படும் அந்த முதல் மாதங்களில் பிள்ளைக்குக் கிடைப்பது தாயின் தைரொக்சின் மட்டுமே. உங்கள் குளிசையில் இருப்பது அதே தைரொக்சின்தான். உடல் சுரக்கும் பொருளுக்கும் குளிசையிலுள்ள பொருளுக்கும் வேறுபாடு இல்லை என்பதால், அளவோடு எடுக்கும்வரை அது பிள்ளையைப் பாதிக்க வழியில்லை.

மந்தபுத்தி பற்றிய காணொளிகளுக்குப் பின்னால் 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. கர்ப்பகாலத்தில் தைரொயிட் குறைபாடு இருந்த தாய்மாரின் பிள்ளைகளை 7 முதல் 9 வயதில் சோதித்தபோது, சிகிச்சையே பெறாத தாய்மாரின் பிள்ளைகள் நுண்ணறிவுச் சோதனையில் சராசரியாக 7 புள்ளிகள் குறைவாகப் பெற்றிருந்தார்கள். சிகிச்சை பெற்ற தாய்மாரின் பிள்ளைகளிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. காணொளி எடுப்பவர்கள் முதல் வரியைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்; அந்த விடுபட்ட வரியால் எத்தனை தாய்மார் தூக்கமிழக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு கிளினிக்கிலும் பார்ப்பதால் எனக்கு இந்த விடயத்தில் பொறுமை குறைவு. இரண்டு காணொளிகளுக்கு நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பை உங்கள் குடும்பநல உத்தியோகத்தருக்கு எடுத்திருந்தால் குளிசை நின்றிருக்காது.

இரண்டாவது பயம் உங்களுடையது மட்டுமல்ல, மாமியுடையதும்கூட. ஆகவே இந்தப் பகுதியை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். தொடக்க வாரங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, கரு உருவாகும்போதே நிறமூர்த்தங்களில் ஏற்பட்ட பிழையால் கலைகின்றன. தாய் எதைச் சாப்பிட்டாள், எங்கே நடந்தாள், என்ன குளிசை விழுங்கினாள் என்பவற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தைரொக்சினால் கரு கலைவதில்லை. மாறாக, தைரொயிட் குறைபாட்டைச் சிகிச்சையின்றி விடும்போதுதான் கரு கலையும் வாய்ப்பு அதிகரிக்கிறது. மாமி சொல்லும் சூடு பேரப்பிள்ளைமீதுள்ள அக்கறையால் வருவது என்பது எனக்குத் தெரியும். அந்த அக்கறையை, காலையில் குளிசையை ஞாபகப்படுத்தும் வேலையில் அவர் காட்டட்டும்.

இனி, எல்லாவற்றையும்விடக் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி. உங்கள் ரி.எஸ்.எச். அறிக்கையில் ஓர் எண்ணும், அதற்குப் பக்கத்தில் சாதாரண அளவு இவ்வளவு என்று ஒரு வரம்பும் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலான அறிக்கைகளில் அந்த வரம்பு கர்ப்பமில்லாதவர்களுக்கானது. அதன் மேல் எல்லை நான்குக்கு மேல் இருக்கும். குளிசை எடுக்கும் கர்ப்பிணி ஒருவருக்கு நாங்கள் வேண்டுவது 2.5க்குக் கீழ். படுவான்கரையிலிருந்து பஸ் பிடித்து நகருக்கு வந்து குருதி கொடுத்து, அறிக்கைக்காக இன்னொரு நாள் வந்து, 3.8 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லாததைக் கண்டு, 'எல்லாம் நோர்மல்' என்று நிம்மதியோடு அதை மடித்துக் கொப்பிக்குள் வைத்துவிட்டு, அடுத்த கிளினிக் நாள்வரை நான்கு வாரங்கள் வீட்டிலிருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நான்கு வாரங்கள்தான் பிள்ளைக்கு மிகவும் தேவையான வாரங்கள். ஆகவே அறிக்கையிலுள்ள சொல்லைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள், 2.5ஐத் தாண்டியிருந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல், அடுத்த நாளே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ உங்கள் மகப்பேற்று நிபுணரிடமோ கொண்டுபோங்கள். எண் 10ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்கே போங்கள். குளிசை எடுக்காத கர்ப்பிணிகள் இதை வாசித்துவிட்டுத் தங்கள் 3.1ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவர்களுக்கு நான்குவரை பொதுவாக ஏற்கத்தக்கது.

எண் ஏன் ஏறுகிறது என்றால், கர்ப்பம் தரித்த 4 முதல் 6 வாரங்களுக்குள்ளேயே உடலின் தைரொக்சின் தேவை கூடத் தொடங்கி, முன்பிருந்த அளவைவிட 25 முதல் 50 வீதம்வரை உயர்கிறது. நன்றாக இயங்கும் சுரப்பி தானே அதைச் சமாளிக்கும், உங்களுடையதால் முடியாது. அதனால்தான், ஏற்கெனவே குளிசை எடுக்கும் பெண் கர்ப்பம் உறுதியான நாளிலிருந்தே வாரத்துக்கு 7 குளிசைகளுக்குப் பதிலாக 9 எடுப்பது பல நாடுகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முதற்படியாக இருக்கிறது. அதாவது வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மட்டும் இரண்டு குளிசைகள். உங்கள் விடயத்தில் 12 நாள் இடைவெளி விழுந்திருப்பதால், அளவை எவ்வளவு கூட்டுவது என்பதைக் குருதி அறிக்கையைப் பார்க்கும் வைத்தியர் முடிவு செய்யட்டும். ஆனால் கூட்ட வேண்டுமா என்று அவரிடம் நீங்களாகவே கேளுங்கள். பிறகு 20ஆம் வாரம்வரை நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும், 30ஆம் வாரமளவில் இன்னொரு முறையும் ரி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.

குளிசையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீருடன், தேநீருக்கும் காலை உணவுக்கும் அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் முன்பாக எடுங்கள். பிளேன்ரீயுடன் விழுங்கினால் மருந்தின் ஒரு பங்கு உடலில் சேராமலே போகும். 12 வாரத்தின் பின் கிளினிக்கில் இரும்புக் குளிசையும் கல்சியமும் தருவார்கள். நேரத்தை மிச்சப்படுத்த எல்லாவற்றையும் ஒரே வாயில் விழுங்கும் பழக்கம் எங்கள் தாய்மாரிடம் உண்டு. இரும்பும் கல்சியமும் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும். ஆதலால் தைரொக்சின் விடியற்காலையில் என்றால், மற்றவை குறைந்தது நான்கு மணித்தியாலம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கட்டும். கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவில் சோயா இருக்கிறது. அதையும் காலையில் சாப்பிடாமல் பின்னேரத்துக்கு மாற்றுங்கள், நிறுத்த வேண்டாம். மசக்கையால் காலையில் எதுவுமே தங்கவில்லையென்றால், இராச்சாப்பாடு முடிந்து மூன்று மணித்தியாலத்தின் பின் படுக்கப் போகும்போது எடுக்கலாம். விழுங்கி அரை மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் இன்னொன்றை எடுங்கள். எங்கள் வெயிலுக்கு இந்தக் குளிசை தாங்காது என்பதால் அடுப்படியிலோ யன்னலோரத்திலோ வைக்க வேண்டாம்.

மற்றவை சிறியவை. முடி கொட்டுவது தைரொயிட் அளவு சரியானதும் தணியும், அதற்கென்று தனி மருந்து வாங்காதீர்கள். கர்ப்பத்தில் இதயம் வேகமாக அடிப்பது இயல்பு. ஓய்வாக இருக்கும்போதும் மூச்சு வாங்கினால் மட்டும் காட்டுங்கள். கழுத்தை வைத்தியர் தொட்டுப் பார்த்தால் போதும், கதிரியக்க அயடீன் ஸ்கேன் மட்டும் இப்போது கூடாது. கோவாவையும் மரவள்ளியையும் நன்றாக அவித்து, அளவோடு சாப்பிடுங்கள். 1995ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயம். அந்த உப்பும், மீன், முட்டை, தயிரும் இருந்தால் போதும், இணையத்தில் விற்கும் கடற்பாசிக் குளிசை எதுவும் வேண்டாம். குருதி கசிந்தாலோ அடிவயிறு வலித்தாலோ, அது தைரொயிட்டா வேறா என்று யோசிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

பிள்ளை பிறந்ததும் கர்ப்பத்துக்கு முன்பிருந்த அளவுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் மீண்டும் குருதி பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பதற்குக் குளிசை தடையில்லை.

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இரண்டாவது பிள்ளைக்காகக் காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காபிமசோல் எடுத்தபடியே அவர் கர்ப்பமாகக் கூடாது. மாதவிடாய் தள்ளிப்போகும்வரை காத்திருக்காமல், இப்போதே நிபுணரிடம் தன் விருப்பத்தைச் சொல்ல வேண்டும். மருந்தை மாற்றுவதா, நிறுத்திப் பார்ப்பதா, வேறு சிகிச்சையா என்பதை நிபுணர் தீர்மானிப்பார். அதுவரை கருத்தடையைக் கைவிடவும் வேண்டாம், உங்களைப்போல் குளிசையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். அந்த மருந்து எடுக்கும் காலத்தில் காய்ச்சலும் தொண்டை நோவும் சேர்ந்து வந்தால், மருந்தை நிறுத்திவிட்டு அன்றே வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.