ஏழு வருடம் கழித்து மறுபடியும் நெயில் வேலைக்கு

ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு சலூனுக்குத் திரும்பப் பயமாக இருக்கிறது, கை பழக்கம் விட்டுப்போயிருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள் சகோதரி. கை மறக்காது. தோழிகளின் நகத்தில் கொஞ்ச நாள் போட்டுப் பாருங்கள், வேகம் தானாக வரும்.

எனக்குக் கவலை உங்கள் பழைய பெட்டியைப் பற்றித்தான். அதிலுள்ள நகத்தில் பூசும் ஜெல் பாட்டில்களைத் தொடவே வேண்டாம். டிபிஓ (TPO) என்ற, விளக்கொளியில் ஜெல்லை இறுக வைக்கும் ரசாயனம் கலந்த நெயில் ஜெல்லை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது. அது இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். ஜெல்லை இறுக வைக்கும் விளக்கும் ஜெல்லும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். பொருந்தாத விளக்கில் மேலே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே இறுகியிருக்காது. இறுகாத ஜெல் தோலில் பட்டுப் பட்டுத்தான் அதிலுள்ள அக்ரிலேட் என்ற ரசாயனத்துக்கு ஒவ்வாமை வருகிறது. வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது, தொழிலையே விட வைத்துவிடும். நைட்ரைல் கையுறை போடுங்கள், ஜெல் பட்டால் உடனே மாற்றுங்கள்.

அப்புறம், பயந்துகொண்டு விலையைக் குறைத்து ஆரம்பிக்காதீர்கள்.