லண்டனில் முதல் பிரசவம்: மிட்வைஃபா, டாக்டரா?

22 வாரமாகியும் ஒரு டாக்டர்கூடப் பார்க்கவில்லையே என்று ஊரிலிருந்து அம்மா பதறுவதாக எழுதியிருந்தீர்கள். இங்கே நடைமுறையே அதுதான் சகோதரி. உங்களைப் போல பிபி, சர்க்கரை எதுவும் இல்லாத கர்ப்பத்தை என்.எச்.எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையில் மிட்வைஃப்தான் பார்ப்பார். சிக்கல் தெரிந்தால் அவரே டாக்டரிடம் அனுப்புவார். அந்தக்காலத்து மருத்துவச்சி என்று அம்மா நினைத்திருப்பார். இவர் முறையாகப் படித்துப் பதிவு பெற்றவர்.

உண்மையான கேள்வி, எங்கே பெற்றுக்கொள்வது என்பதுதான். முதல் பிரசவத்துக்கு வீடு வேண்டாம் என்பேன். 2011-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், வீட்டில் பெற நினைத்த முதல் பிரசவக்காரர்களில் 100-க்கு 45 பேரை ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. குழந்தைக்கான ஆபத்தும் சற்றுக் கூடுதல்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே மிட்வைஃப்களே நடத்தும் பிரிவைக் கேளுங்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டி, மங்கலான விளக்கு, எல்லாம் சுகம்தான். ஐந்தாவது மணி நேரத்தில் எபிடியூரல், அதாவது வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி, கேட்டு அலறினேன்! அங்கே அது கிடையாது. சக்கர நாற்காலியில் வைத்து, லிஃப்டில் ஏற்றி, மேல்மாடி லேபர் வார்டில் விட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம், தெற்காசியர் என்பதால் 24-லிருந்து 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். அதைத் தவறவிடாதீர்கள். அதில் சர்க்கரை வந்தால் டாக்டரும் சேர்ந்து பார்ப்பார்.