பெரிய கடை வந்துவிட்டது. நகையை வைத்து என் கடையைப் பெரிதாக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். திருமங்கலத்தில் 24 வருஷமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயது 52. நானும் மனைவியும் ஒரு பையனும் கடையைப் பார்த்துக்கொள்கிறோம். நாலு மாதத்துக்கு முன் மெயின் ரோட்டில் பெரிய சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். அதுவரை ஒரு நாளைக்கு 16,000 ரூபாய் இருந்த விற்பனை இப்போது 11,500. மாச சிட்டை (மாதச் சாமான் பட்டியல்) முழுக்க அங்கே போய்விட்டது. மறந்துபோன சாமானுக்குத்தான் நம்மிடம் வருகிறார்கள். பாக்கெட் சரக்கில் நூற்றுக்கு 8, லூஸ் சரக்கில் 18, சராசரி 11 ரூபாய் நிற்கும். வாடகை 9,000, கரண்ட் 3,200, பையன் சம்பளம் 10,000, வண்டி கூலி, பை என்று 3,800. கடையில் சரக்கு ஐந்தரை லட்சம் இருக்கும். வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பற்று 2,40,000. ஏஜென்சிகளுக்கு 1,10,000 தர வேண்டும். தண்டலில் 45,000 வாங்கி நூறு நாளைக்குத் தினம் 500 கட்டுகிறேன், இன்னும் 60 நாள் பாக்கி. கோவையில் வேலை பார்க்கும் மகன், ஏசி, ரேக், கம்ப்யூட்டர் பில் எல்லாம் போட்டு நாமும் சூப்பர் மார்க்கெட் ஆக்கிவிடலாம், 15 லட்சம் ஆகும் என்கிறான். மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் நகையில் 8 லட்சம், பேங்கில் 7 லட்சம் வாங்கலாம் என்று யோசனை. கல்யாணம் இரண்டு வருஷத்தில். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

உங்கள் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முன்பு மாதம் 4,80,000 விற்று, அதில் 52,800 நின்று, செலவு 26,000 போக 26,800 கையில் மிஞ்சியது. இப்போது 3,45,000 விற்று 37,950 நிற்கிறது. செலவு அதே 26,000. மிச்சம் 11,950. விற்பனை 28 சதவீதம்தான் குறைந்தது, வருமானமோ பாதிக்கு மேல் போய்விட்டது. வாடகையும் சம்பளமும் கரண்டும் வியாபாரம் படுத்துவிட்டதே என்று தானாகக் குறைவதில்லை. ‘கொஞ்சம்தானே குறைந்திருக்கிறது, ஏன் இவ்வளவு திணறுகிறோம்’ என்று குழம்பியிருப்பீர்கள். காரணம் இதுதான்.

அந்த 11,950-ஐ உங்களுக்கும் மனைவிக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய் வருகிறது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு நிர்ணயித்த கூலியே 336. காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கி ராத்திரி பத்துக்கு இறக்கும் இரண்டு பேரின் நிலைமை இது. மனம் நோகச் சொல்லவில்லை. இதைப் பார்க்காமல் 15 லட்சத்தைப் பற்றிப் பேச முடியாது.

இனி மகனின் திட்டம். 15 லட்சத்தை 12 சதவீத வட்டியில் ஏழு ஆண்டில் அடைப்பதாக வைத்தால் மாதத் தவணை சுமார் 26,500. ஏசி, ஃப்ரீசர் கரண்ட் கூடுதலாக 9,000 என்றும், இன்னும் இரண்டு ஆள் சம்பளம் 20,000 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 55,500. நூற்றுக்கு 11 நிற்கும் வியாபாரத்தில் இதை ஈடுகட்ட மாதம் ஐந்து லட்சத்துக்கு, அதாவது தினம் 16,800-க்குக் கூடுதலாக விற்க வேண்டும். இன்றைய 11,500-உடன் சேர்த்தால் தினம் 28,300. அவ்வளவு விற்றாலும் கையில் நிற்பது இதே 12,000-தான். பழைய வருமானத்தைத் தொட 32,800 விற்க வேண்டும். பெரிய கடை இல்லாத காலத்தில் விற்றதைப் போல இரண்டு மடங்கு! அதுவும் அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது, அவர்கள் விற்கும் அதே சோப்பையும் பிஸ்கட்டையும் வைத்து.

அதே சோப்பில் அவர்களை ஏன் ஜெயிக்க முடியாது? டிமார்ட் என்ற பெரிய சூப்பர் மார்க்கெட் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கடைகளுக்கு இடமே அவர்களுடைய சொந்தம், வாடகை கிடையாது. சரக்கு கொடுத்த கம்பெனிக்குச் சீக்கிரமே பணத்தைக் கொடுத்து, அதற்காகக் கூடுதல் தள்ளுபடி வாங்கிவிடுவார்கள். நீங்கள் ஏஜென்சிக்கு 1,10,000 பாக்கி வைத்திருக்கிறீர்கள். லைனுக்கு வரும் சேல்ஸ்மேனிடம் எந்த முகத்தோடு டிஸ்கவுன்ட் கேட்பது? பெரிய கடைகளில் எண்ணெயையும் சர்க்கரையையும் கிட்டத்தட்ட அடக்க விலைக்கே தள்ளிவிட்டு, துணியிலும் பிளாஸ்டிக் சாமானிலும் எடுப்பார்கள். எண்ணெய் அங்கே தூண்டில் புழு. அந்த விலைக்கு நீங்களும் இறங்கினால் புழு மட்டும் போகும், மீன் வராது. இன்னொன்று: அவர்கள் காசு போடுவது சொந்தக் கட்டடத்தில். நீங்கள் டைல்ஸும் ஃபால்ஸ் சீலிங்கும் போடப்போவது வாடகைக் கட்டடத்தில். ஒப்பந்தம் எந்த வருஷம் முடிகிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

நகைக் கடனில் தனியாக ஒரு சிக்கல். பெரும்பாலும் ஓராண்டுக்குள் அடைக்க வேண்டிய கடன் அது. ரேக்கும் ஏசியும் பல வருஷத்தில் மெல்ல மெல்லத்தான் காசைத் திருப்பித் தரும். வருஷா வருஷம் வட்டியைக் கட்டி நகையைத் திருப்பி வைத்துக்கொண்டே இருப்பீர்கள். அதற்குள் சம்பந்தி வீட்டார் வந்து நிற்பார்கள். பேங்கில் கேட்கும் 7 லட்சம், சொத்து அடமானம் இல்லாமல் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், தருண் பிரிவில் கிடைக்கலாம். கிடைக்கிறதே என்பது வாங்குவதற்குக் காரணம் ஆகாது.

இந்தப் பாடு உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. வால்மார்ட் 1962-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ராஜர்ஸ் என்ற சிற்றூரில்தான் முதல் கடை போட்டது. பெரிய நகரங்களை விட்டுவிட்டு இப்படிப்பட்ட ஊர்களாகப் பார்த்தே அது வளர்ந்தது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கென்னத் ஸ்டோன், அது வந்த ஊர்களில் விற்பனை வரிக் கணக்கை வருஷக்கணக்காக எடுத்துப் பார்த்தார். பெரிய கடை வந்த ஊரின் மொத்த வியாபாரம் கூடியிருந்தது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஜனம் அங்கே வர ஆரம்பித்ததுதான் காரணம். அதே சரக்கை விற்றவர்கள் அடிவாங்கினார்கள். அங்கே கிடைக்காததை விற்றவர்களுக்கும் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கும் வியாபாரம் கூடியது. மோசமாக அடிபட்டவை பெரிய கடை வராத பக்கத்துச் சிற்றூர்கள்.

திருமங்கலத்தில் வைத்துப் பார்த்தால், உங்களைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டியவர்கள் கள்ளிக்குடி, பேரையூர்க் கடைக்காரர்கள். அந்த ஊர் ஜனம் இனி பஸ் ஏறி உங்கள் ஊருக்கு வரும். பெரிய கடையில் கிடைக்காத எதை அவர்கள் உங்களிடம் வாங்குவார்கள் என்பதுதான் கேள்வி. (2012-ல் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு கதவைத் திறந்தபோது நாமெல்லாம் கடையடைப்பு நடத்தினோம். மாநில அரசும் இங்கே விடமாட்டோம் என்றது. கடைசியில் வந்து நின்றதோ உள்நாட்டு முதலாளியின் கடை.)

கடன் வேண்டாம் என்றால் பணத்துக்கு எங்கே போவது? உங்கள் கடைக்குள்ளேயே இருக்கிறது. மாதம் நீங்கள் விற்கும் சரக்கின் அடக்க விலை சுமார் 3,07,000. கடையில் கிடப்பது 5,50,000. அதாவது 54 நாள் சரக்கு. ஏஜென்சி வண்டி வாரா வாரம் வாசலுக்கே வருகிறது, மொத்தக் கடைகள் இருக்கும் மதுரைக் கீழமாசி வீதி இருபது கிலோமீட்டர் தூரம். ஒரு மாதச் சரக்கு தாராளம். மீதி இரண்டரை லட்சம் பின் ரேக்கில் தூசி படிந்து கிடக்கிறது. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் தட்டில் ஷாம்பு சரம், அதற்குப் பின்னால் ஏதோ ஸ்கீமில் தள்ளிவிட்ட பினாயில் பெட்டி நாலு, பிரிக்கவே இல்லை. தேதி இருப்பதை ஏஜென்சியிடம் பேசித் திருப்புங்கள். மற்றதை அடக்க விலைக்குக் கீழே கொடுத்தாவது காசாக்குங்கள்.

பற்று நோட்டின் பக்கத்தையும் அனுப்பியிருந்தீர்கள். ‘டெய்லர் மாடி வீடு 4,260’ என்று எழுதி, அடியில் பென்சிலில் ‘பொங்கலுக்குத் தருவாக’. எந்தப் பொங்கல் என்று வருஷம் இல்லை. நோட்டை மூன்றாகப் பிரியுங்கள்: மாதா மாதம் அடைப்பவர்கள், இழுத்து இழுத்துத் தருபவர்கள், இப்போது பெரிய கடைப் பையோடு உங்கள் கடையைத் தாண்டிப் போகிறவர்கள். மூன்றாவது வகையிடம் மனைவியை அனுப்புங்கள். நீங்கள் போனால் சண்டையில் முடியும், அவர் போனால் பாதியாவது வரும். முதல் வகைக்கு மட்டும் பற்று தொடரட்டும். பெரிய கடையில் ஒரு ரூபாய்கூடக் கடன் கிடையாது, அவர்கள் உங்களிடம் வருவதற்கு அதுவே காரணம். ஆனால் ஆளுக்கு ஓர் எல்லை போட்டு, அட்டையில் அவர்கள் கண் முன்னால் எழுதுங்கள்.

மூன்று மாதத்தில் சரக்கிலிருந்து ஒரு லட்சம், பற்றிலிருந்து 80,000 தேறினால் போதும். முதல் வேலை, தண்டல் பாக்கி 30,000-ஐ முடிப்பது. மாதம் 15,000 தண்டல் கட்டுகிறீர்கள், கடையில் மிஞ்சுவதோ 12,000. வித்தியாசத்தையும் வீட்டுச் செலவையும் ஏஜென்சிக்காரர் பணத்தில் சமாளிக்கிறீர்கள், அந்தப் பாக்கி ஏறியது அப்படித்தான். 45,000 வாங்கி 50,000 கட்டுவது பார்க்கச் சின்ன வட்டி. அசல் தினமும் குறைவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்கு 75 சதவீதத்துக்கு மேலே போகிறது. அடுத்தது ஏஜென்சி பாக்கி 1,10,000. அதை அடைத்தபின் ரொக்கத் தள்ளுபடி கேளுங்கள், கிடைக்கும். மிஞ்சும் 40,000-தான் உங்கள் புது முதலீடு. ஏசி வேண்டாம். நல்ல வெளிச்சம், சுத்தமான எலக்ட்ரானிக் தராசு, கண்ணாடி மூடி போட்ட டப்பாக்கள். மகனுக்கு ஆசை இருந்தால் பில் போடும் மெஷின் ஒன்று வாங்கித் தரட்டும், எது ஓடுகிறது எது தேங்குகிறது என்று அது காட்டிவிடும்.

என்ன விற்பது? எனக்குத் தெரிந்த வழி விசேஷச் சிட்டை. என் தாய்மாமா மேலூரில் மளிகை வைத்திருந்தார். காதுகுத்து, கிடா வெட்டு என்றால் சமையல் மாஸ்டர் எழுதித் தந்த சிட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். மல்லி, வத்தல், சீரகம், கல்பாசி, பட்டை என்று இரண்டு பக்கம் போகும். மாமா பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குவார். மிச்சமாகும் சாமானைத் திருப்பி எடுத்துக்கொள்வேன், பொட்டலத்தைப் பிரிக்காமல் இருந்தால் மட்டும் என்று சொல்லியே கொடுப்பார். மறுநாள் காலை அரைச் சாக்கு திரும்பி வரும். மீதிப் பணத்துக்கு அவர் மறுநாள்வரை காத்திருக்க மாட்டார். செய்முறை (மொய்) எழுதி முடிந்த ராத்திரியே, நோட்டும் பணமும் மேஜையில் இருக்கும்போதே போய் வாங்கிவிடுவார். பிரிக்காத பொட்டலத்தைத் திருப்பி எடுப்பதும், பந்தி நடுவே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று போன் வந்தால் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் பெரிய கடையால் ஆகாது. திருமங்கலத்துச் சமையல் மாஸ்டர்கள் பத்துப் பேரை உங்களுக்கு எப்படியும் தெரிந்திருக்கும். டீக்கடை, பரோட்டாக் கடைக்கும் வாரக் கணக்கில் போடலாம். ஒரு வாரம் தவறினால் மறுவாரச் சரக்கு கிடையாது என்ற கண்டிப்போடு. நாட்டு மருந்து, பூஜை சாமான், நல்ல புளி, வத்தலில் பெயர் எடுக்கலாம்.

விசேஷச் சிட்டையில் 18 நிற்காது, 10-12-தான். மற்ற லூஸ் சரக்கு கூடினால் சராசரி 11-லிருந்து 13-க்கு வரலாம். விற்பனை ஒரு ரூபாய்கூட ஏறாமல் இதே 11,500-ல் இருந்தாலே கையில் 18,850 நிற்கும். இதற்கு 15 லட்சம் தேவையில்லை.

கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுப்பதை நிறுத்தி, வாரம் ஒருநாள் சம்பளம் மாதிரி எடுங்கள். காப்பீட்டில், 50 வயது தாண்டிவிட்டதால் மத்திய அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டில் நீங்கள் புதிதாகச் சேர முடியாது. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டில் இருவரும் சேரலாம். வணிகர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா என்று சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையை மூடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு கோடு போட்டு வைக்கிறேன். ஓராண்டு பொறுங்கள். அதற்குள் மாத மிச்சம் 18,000-ஐத் தொடவில்லை என்றால் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள். கடன் இல்லாமல் மூடினால் சரக்கு விற்ற காசும் கடை அட்வான்ஸும் உங்கள் கைக்கு வரும், நகை மகளுக்குப் போகும். 24 வருஷம் சரக்கு பார்த்து வாங்கிய ஆளுக்குக் கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் வேலை கேட்டுப் போக வெட்கப்பட வேண்டியதில்லை. மூடுகிற முடிவுக்கு வந்தால் ஷட்டரை இறக்குவதற்கு மூன்று மாதம் முன்னால் எனக்கு எழுதுங்கள், பற்றை வசூல் பண்ண அவ்வளவு நாளாவது வேண்டும்.