மக்காச்சோளக் கதிரில் சில இடங்களில் மணி பிடிக்காமல் பொக்கையாக இருப்பது ஏன்?

சுருக்கமாகச் சொன்னால், அந்த இடத்துச் சூல் (மணியாக வளர வேண்டிய பெண் பகுதி) கருவுறவில்லை.

ஆண் பூவின் மகரந்தத் தூள் பெண் பூவின் சூலக முடியில், அதாவது தூளை ஏற்கும் பகுதியில், வந்து படிவதுதான் மகரந்தச் சேர்க்கை. அது பாதி வேலைதான்; தூளிலுள்ள ஆண் செல் சூலுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் கருவுறுதல். பார்சல் வாசலுக்கு வந்துவிட்டது, இன்னும் வீட்டுக்குள் போகவில்லை.

மக்காச்சோளத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரே ஒரு மணியோடு இணைந்தது. செடியின் உச்சியிலுள்ள ஆண் பூங்கொத்திலிருந்து உதிரும் தூள் இழையில் ஒட்டியதும், அதிலிருந்து மெல்லிய குழாய் முளைத்து இழைக்குள்ளேயே இறங்கும். சூலை எட்ட ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். குழாய் வழியே 2 ஆண் செல்கள் போகின்றன: ஒன்று சூலிலுள்ள முட்டைச் செல்லோடு சேர்ந்து கருவாகிறது, மற்றொன்று அதற்கான மாவுச்சத்துச் சேமிப்பை உருவாக்குகிறது. நாம் பெரும்பாலும் தின்பது இந்த இரண்டாவதைத்தான்!

கருவுற்றதும் இழை கழன்றுவிடும். இளங்கதிரின் மேலுறையைப் பக்குவமாகப் பிரித்து உலுக்கிப் பாருங்கள். உதிராத இழைகள் இன்னும் கருவுறாதவை.

கடும் வெயிலில் இழை காய்ந்தாலோ, பூச்சி கத்தரித்தாலோ, தூள் தீர்ந்தபின் இழை வெளிவந்தாலோ மணி பிடிக்காது. நுனி இழைகள் கடைசியாக வருவதால் அங்கேதான் பொக்கை அதிகம்.

தேனீ வராததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். மக்காச்சோளத்துக்குத் தூளைக் கொண்டு சேர்ப்பது காற்று.