120 மி.மீ. சைக்கிளில் கியாரா இறக்கம்: பெரிய ஃபோர்க் வாங்கும் முன்

கேள்வி: அண்ணே, நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். எடை 74 கிலோ. பின்னால் 120 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன், முன்னால் 130 மி.மீ. அமுங்கும் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன்) உள்ள டிரெயில் சைக்கிள், அதாவது காட்டுப் பாதையில் ஓட்டும் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். வார இறுதியில் இங்குள்ள புக்கிட் கியாரா மலையில் ஓட்டுகிறோம். கூட வருகிற நண்பர்கள் எல்லாரும் 150, 160 மி.மீ. வண்டிக்காரர்கள். ஏற்றத்தில் நான்தான் முதல் ஆள், இறக்கத்தில் கடைசி. வேர் நிறைந்த இடங்களில் விரல்கள் விறைத்துப் போகின்றன, ஈர வளைவுகளில் முன் சக்கரம் வழுக்குகிறது, குதித்து இறங்கினால் பின்பக்கம் 'டக்'கென்று அடிக்கிறது. 150 மி.மீ. ஃபோர்க் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். மாட்டலாமா, அல்லது இதை விற்றுவிட்டுப் பெரிய வண்டியே வாங்கலாமா?

பதில்: மாட்ட வேண்டாம் தம்பி. இப்போதைக்கு விற்கவும் வேண்டாம். நீங்கள் சொன்ன தொல்லைகளில் பின்பக்கம் அடிப்பது மட்டும்தான் நேராக சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்டது. அதற்கும் ஷாக்கில் (பின் சஸ்பென்ஷனில்) காற்றைச் சரியாக வைத்தாலே பாதி வழி வந்துவிடும். மற்ற இரண்டும் பெரும்பாலும் டயர், பிரேக், ஓட்டும் முறை.

ஒரு கணக்குப் பார்ப்போம். சைக்கிளில் ஏறி நின்றதும் உங்கள் எடைக்குச் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறங்கும். அதைத்தான் சேக் என்கிறோம். உங்கள் 120 மி.மீ. வண்டியில் 28 விழுக்காடு சேக் வைத்தால் சுமார் 34 மி.மீ. போய்விடும், அடிகளை வாங்க மிச்சம் 86 மி.மீ. நண்பரின் 150 மி.மீ. வண்டியில் 30 விழுக்காடு வைத்தால் 45 மி.மீ. போய் 105 மி.மீ. மிஞ்சும். இரண்டுக்கும் வித்தியாசம் 19 மி.மீ., ஒரு கட்டைவிரல் அகலம். முழங்காலையும் முழங்கையையும் நன்றாக மடக்கி நீட்டினால் உடம்பே 30 செ.மீ.க்கு மேல் ஏறி இறங்கும். நண்பர்கள் உங்களை முந்துவது அந்தக் கட்டைவிரல் அகலத்தால் மட்டும் இல்லை. அவர்கள் வண்டியில் தடித்த டயர், பெரிய பிரேக், சாய்ந்த முன்பக்கம் எல்லாம் கடையிலிருந்தே வந்தவை. உங்கள் ரக வண்டிகளில் எடையைக் குறைப்பதற்காக வேகமாக உருளும் மெல்லிய டயரையும் சின்ன ரோட்டரையும் (பிரேக் தட்டு) போட்டுத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள்.

அதனால் முதல் செலவு முன் டயருக்கு. கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம், நம்மவர்கள் பால் வெட்டிய மலை. இன்றும் டிரெயில் ஓரத்தில் பழைய ரப்பர் மரங்கள் நிற்கின்றன. பாதைக்குக் குறுக்கே வேர்கள், அடியில் களிமண். மத்தியான மழை பெய்து ஓய்ந்த பிறகு போனால், பட்டை தேய்ந்த வேர் எண்ணெய் தடவியது போல் இருக்கும். மேலே உள்ள ரப்பர் கட்டைகள் குட்டையான டயரின் இடுக்குகளைக் களிமண் ஒரே நிமிடத்தில் அடைத்துவிடும். பிறகு 160 மி.மீ. ஃபோர்க் இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும். முன்னால் கட்டைகள் உயரமாகவும் இடைவெளி விட்டும் உள்ள டயர் போடுங்கள். மேக்ஸிஸ் மினியன் டிஹெச்எஃப் 2.5, அல்லது அதே கம்பெனியின் அசகாய் போன்றவை. எடை ஒரு கிலோ அளவுக்கு வரும், ஏற்றத்தில் கொஞ்சம் தெரியும். ஏற்றத்தில்தான் நீங்கள் முதல் ஆளாயிற்றே, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். பின்னால் அவ்வளவு முரட்டு டயர் தேவையில்லை. டிஸெக்டர் 2.4 மாதிரி நடுத்தரமானது போதும். பின் சக்கரம் கொஞ்சம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் தோள்தான் தரையில் படும்.

டயரை டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாதபடி ஆக்கியாகிவிட்டதா? இல்லையென்றால் இதோடு செய்துவிடுங்கள். உங்கள் எடைக்கு முன்னால் 21, பின்னால் 24 பி.எஸ்.ஐ. காற்று வைத்துத் தொடங்கி, ஒவ்வொன்றாகக் குறைத்துப் பாருங்கள். ரிம் வேரில் இடிக்கும் சத்தம் கேட்டால் ஒன்றிரண்டு ஏற்றுங்கள். தரைப் பம்பில் உள்ள முள், குறைந்த காற்றில் சரியாகக் காட்டாது. தனியாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கிக்கொள்வது நல்லது. நம் ஊர் வெக்கைக்குச் சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றுங்கள்.

அடுத்து விரல் விறைப்பு. இதை நிறையப் பேர் ஃபோர்க்கின் தலையில் போடுகிறார்கள். பிரேக் பலம் போதாத வண்டியில் இரண்டு விரலால் லிவரை இறக்கம் முழுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டே வர வேண்டியிருக்கும், கை அதிலேயே ஓய்ந்துவிடும். 160 மி.மீ. ரோட்டர் இருந்தால் பின்னால் 180, முன்னால் உங்கள் ஃபோர்க் அனுமதித்தால் 203 போடுங்கள். எவ்வளவு வரை போடலாம் என்று ஃபோர்க் கையேட்டில் இருக்கும், பார்க்காமல் போடாதீர்கள். ரோட்டரும் அடாப்டரும் மட்டும் மாற்றினாலே போதும், பழைய பிரேக்கிலேயே வித்தியாசம் நன்றாகத் தெரியும். மழையில் ரெசின் பிரேக் பேட் சீக்கிரம் கரைந்துவிடும், உலோகப் பேட் தாங்கும். ஆனால் ஷிமானோவின் மலிவு ரோட்டர்கள் சிலவற்றில் ரெசின் பேட் மட்டும்தான் போட வேண்டும் என்று பொறித்திருப்பார்கள். அதில் உலோகப் பேட் போட்டால் ரோட்டர் தேய்ந்து வீணாகிவிடும்.

லிவரையும் கைப்பிடியிலிருந்து சற்று உள்ளே தள்ளி வையுங்கள். ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் லிவரின் நுனி வளைவில் உட்கார வேண்டும், மீதி விரல்கள் கைப்பிடிக்கு. காசு செலவில்லாத வேலை, ஐந்து நிமிடம்.

சரி, சஸ்பென்ஷன். ஹெல்மெட், தண்ணீர், பை எல்லாம் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள், வீட்டு லுங்கியோடு அல்ல. ஷாக்கின் ஸ்ட்ரோக் (ஷாக் தண்டு அமுங்கும் நீளம்) 45 மி.மீ. என்றால் தண்டில் உள்ள ரப்பர் வளையம் 12 அல்லது 13 மி.மீ. நகர வேண்டும், 50 மி.மீ. என்றால் 14. ஃபோர்க்கில் 26 மி.மீ. அளவு. அந்தச் சேக்கிலும் பின்பக்கம் அடித்தால் காற்றை மேலும் ஏற்றாதீர்கள். ஏற்றினால் சின்ன வேர்களில் வண்டி கல்லாகிவிடும், கை மறுபடி விறைக்கும். ஷாக்கின் காற்றறைக்குள் போடும் ஸ்பேஸர் ஒன்று கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். தொடக்கத்தில் மென்மையாகவே இருந்து, கடைசி நீளத்தில் மட்டும் இறுகும். ஒரு ரைடில் ஓரிரு முறை வளையம் கடைசி வரை போயிருந்தால் அதுதான் சரியான அளவு. ஒருமுறைகூடப் போகவில்லையென்றால் கொடுத்த காசுக்கு உள்ள சஸ்பென்ஷனை நீங்கள் உபயோகிக்கவில்லை.

இதைவிட முக்கியம் ரீபவுண்ட், அதாவது அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்பி எழும் வேகம். புதிதாக ஓட்டுகிறவர்கள் அதை மெதுவாக வைத்துக்கொள்வார்கள், வண்டி அமைதியாக இருப்பதுபோல் தோன்றும் என்பதால். வேர் வரிசையில் என்ன நடக்கிறது பாருங்கள். முதல் வேரில் அமுங்கியது முழுக்க எழுவதற்குள் இரண்டாவது வேர், அதிலிருந்து எழுவதற்குள் மூன்றாவது. மூன்று வேர் தாண்டுவதற்குள் மிச்சமிருந்த 86 மி.மீ.யில் பாதி காணாமல் போயிருக்கும். நான்காவது நேராகக் கைக்கு வரும். 160 மி.மீ. வண்டிக்காரர் இந்தத் தவற்றோடும் ஓட்டிவிடுவார், உங்களுக்கு அந்த வசதி இல்லை. அந்த வேகம் கூடும்படி ரீபவுண்ட் திருகைத் திறந்துகொண்டே வாருங்கள். உட்கார்ந்தபடி நடைபாதைத் திட்டிலிருந்து மெதுவாக இறங்கினால், வண்டி ஒருமுறை மட்டும் மேலெழும்பி அடங்க வேண்டும். இரண்டாவது முறையும் எழும்பினால் கொஞ்சம் மூடுங்கள். பிறகு கியாராவில் ஒரே வேர்ப் பகுதியை நாலைந்து தடவை ஓட்டி, ஒரு தடவைக்கு ஒரு கிளிக் மாற்றிப் பாருங்கள். நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

இனி ஓட்டும் முறை. 'இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ளு' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நம்மூரில் பரவியிருக்கும் மோசமான அறிவுரை அது. இடுப்பைப் பின் டயர் மேல் கொண்டுபோனால் முன் சக்கரத்தில் எடையே இருக்காது. எடை இல்லாத சக்கரம் ஈரக் களிமண்ணில் வழுக்காமல் என்ன செய்யும்? இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள், முகவாய் ஹேண்டில்பாருக்கு மேலே வரட்டும், முழங்கை வெளியே விரியட்டும், எடை பாதத்தில் இருக்கட்டும். கை கைப்பிடியை வழிநடத்த மட்டும்தான், தாங்கிக்கொள்ள அல்ல. டிராப்பரை, அதாவது சீட்டை ஏற்றி இறக்கும் குழாயை, முழுக்க இறக்கிவிடுங்கள். பாதி இறக்கினால் சீட் வந்து இடித்து, முழங்காலை மடக்கவே விடாது.

வேருக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள், வேர் மேல் விரலைத் தளர்த்திவிடுங்கள். பிரேக் பிடித்த சக்கரம் வேரில் ஏறாது, முட்டும். அதோடு பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் பாய்ந்து ஃபோர்க்கின் நீளத்தைத் தின்றுவிடும். பெரிய வண்டியை அதன் போக்கில் விட்டு இடித்துக்கொண்டே போகலாம். உங்கள் வண்டியில் கண் எப்போதும் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். எந்த வேரைச் செங்குத்தாகக் கடப்பது, எதைத் தாவுவது என்பதை அங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். தாவுவதில் உங்கள் வண்டிதான் கெட்டிக்காரன். நீளமான சஸ்பென்ஷனில் நீங்கள் காலால் கொடுக்கும் அழுத்தத்தில் பாதியைச் ஷாக் விழுங்கிவிடும், இதில் உடனே எழும்பும். மேட்டின் சரிவில் இறங்கும்போது காலால் அமுக்கி, ஏறும்போது காலை மடக்கி ஓட்டிப் பழகினால் மிதிக்காமலேயே வேகம் வரும். கியாராவில் நிறைய இடங்களில் பாதை குறுகல், வளைவு அதிகம், இடையிடையே ஏற்றமும் உண்டு. 120 மி.மீ. வண்டிக்காக வெட்டியது போன்ற இடம் என்றே சொல்வேன். நடப்பவர்களும் அதே பாதையில் வருவார்கள் என்பதால், பார்வை மறையும் வளைவுகளில் வேகத்தை அடக்குங்கள்.

பினாங்குக் கொடிமலை போல 800 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலையில் நீளமாக இறங்குவதுதான் திட்டமென்றால் கதை வேறு. அங்கே பெரிய வண்டி கேட்பது ஆசை அல்ல, தேவை.

ஃபோர்க் விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு 10 மி.மீ. கூடும்போதும் முன்பக்கம் சுமார் அரை டிகிரி சாயும், பெடலும் கொஞ்சம் உயரும், சீட் பின்னால் சாயும். 10 மி.மீ. கூட்டுவதைப் பல கம்பெனிகள் அனுமதிக்கின்றன. பல ஃபோர்க்குகளில் உள்ளே ஏர் ஷாஃப்டை (காற்றறைத் தண்டு) மட்டும் மாற்றினால் போதும், அதைச் செய்யலாம். 20 மி.மீ. கூட்டி 150 ஆக்கினால் ஏற்றத்தில் முன் சக்கரம் அலையும், வளைவில் வண்டி நிமிர்ந்தே நிற்கும், ஃபிரேமின் தலைக்குழாயில் கணக்கில் இல்லாத சுமை விழும். பின்னால் நீளமான ஸ்ட்ரோக் ஷாக் மாட்டச் சொல்கிறவர்களும் உண்டு. முழுக்க அமுங்கும்போது டயர் ஃபிரேமில் போய் உரசும். அதை யோசிக்கவே வேண்டாம்.

குதிப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃபிரேம் எவ்வளவு தாங்கும் என்பது 120 என்ற எண்ணில் இல்லை. ஏ.எஸ்.டி.எம். எஃப்2043 என்ற தரத்தின்படி சைக்கிள்களைப் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் பிரிவுக்கு 61 செ.மீ., நான்காம் பிரிவுக்கு 122 செ.மீ. உயரம் வரை குதிக்கலாம். 120 மி.மீ. வண்டிகள் இந்த இரண்டு பிரிவிலும் வருகின்றன. உங்களுடையது எது என்று ஃபிரேமில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கம்பெனியின் கையேட்டிலோ பாருங்கள். மூன்றாம் பிரிவு என்றால், எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் இடுப்புயரக் குதிப்புகளை நண்பர்களுக்கு விட்டுவிடுங்கள். இரண்டிலுமே சமதரையில் விழுவதைத் தவிர்த்து, சரிவில் இறங்குகிற குதிப்புகளை மட்டும் எடுங்கள்.

பழைய வண்டி என்பதால் கடைசியாக ஒரு வேலை. பின் சக்கரத்தைத் தூக்கி இடவலமாக அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பிவட் (ஃபிரேமின் அசையும் மூட்டு) பேரிங் போயிருக்கும். ஃபோர்க்கின் கீழ்க்கால் சர்வீஸ் கடைசியாக எப்போது செய்தது என்று வண்டியை விற்றவரிடம் கேளுங்கள். ராக்‌ஷாக்ஸ் கம்பெனி ஃபோர்க் என்றால் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். அவர் யோசிக்க ஆரம்பித்தால், செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு டயர் மாற்றும் அன்றே கடையில் அதையும் கொடுத்துவிடுங்கள்.