மறு: ரிப்போர்ட்டில் வைரஸ் இல்லை, மாத்திரையை நிறுத்தலாமா?

வணக்கம். உங்கள் அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்), இரண்டு வருடமாக டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறார், இப்போது ரிப்போர்ட்டில் 'வைரஸ் கண்டறியப்படவில்லை' என்று வந்ததும் நிறுத்தப் பார்க்கிறார் என்கிறீர்கள். தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் நிறுத்த விடாதீர்கள்.

அந்த ரிப்போர்ட் ரத்தத்தைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸின் டி.என்.ஏ. ஒரு சின்ன வளையமாக இன்னும் உட்கார்ந்திருக்கிறது. டெனோஃபோவிர் அதைத் தொடுவதில்லை. வைரஸ் நகலெடுக்கப் பயன்படுத்தும் நொதியைத்தான் தடுக்கிறது. மாத்திரை நின்றால் நகலெடுப்பு மறுபடி தொடங்கலாம். சிலருக்குக் கல்லீரல் வீக்கம் திடீரென்று ஏறி உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது.

ஊசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெக்இன்டர்ஃபெரான் நம் எதிர்ப்புச் சக்தியை வைரஸுக்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்து. வாரம் ஒன்று, பொதுவாக 48 வாரம். முடிவுத் தேதி உண்டு என்பது நல்லதுதான். ஆனால் காய்ச்சல், உடம்பு வலி, சிலருக்கு மனச்சோர்வு வரும். நல்ல பலன் கிடைப்பதும் சிலருக்கே. முற்றிய சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது) இருந்தால் போடவே கூடாது.

12 வாரத்தில் குணமானார் என்று நீங்கள் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கு ஹெபடைடிஸ் சி என்ற வேறு வைரஸ் இருந்திருக்கும். அதற்கு இப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் கூட்டு மாத்திரை பெரும்பாலோருக்கு அதை அடியோடு ஒழித்துவிடும்.

என் அப்பாவும் பி-க்கு மாத்திரை சாப்பிடுகிறார். டப்பா பல் பிரஷ் பக்கத்திலேயே இருக்கும், அதனால் மறப்பதில்லை. அப்புறம், அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, தேவையானால் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.