சிஸ்பிளாட்டினில் செத்த செல் ஏன் தடுப்பூசி ஆகவில்லை?

கோளாறு மருந்தில்தான், நீங்கள் ஊசி போட்ட விதத்தில் இல்லை. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தில் சாகடித்த சிடி26 செல்களை (எலியின் பெருங்குடல் புற்றுநோய் செல்கள்) தடுப்பூசியாக எலிக்குப் போட்டு, ஒரு வாரம் கழித்து மறுபக்கம் உயிருள்ள செல்களைப் போட்டும் கட்டி வளர்கிறது என்கிறீர்கள். வளரத்தான் செய்யும். சிஸ்பிளாட்டின் செல்லைக் கொன்றுவிடும், ஆனால் செல்லுக்குள் புரதம் தயாராகும் இடமான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துக்குப் போதிய நெருக்கடி கொடுக்காது, அதனால் அங்கே இருக்கும் கால்ரெட்டிகுலின் என்ற புரதம் ‘என்னைத் தின்னு’ என்ற அடையாளமாகச் செல்லின் மேற்பரப்புக்கு வராது, நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் டென்ட்ரிட்டிக் செல்லும் செத்த செல்லைக் கண்டுகொள்ளாது. அதே குடும்பத்து ஆக்சாலிபிளாட்டின் இதை ஒழுங்காகச் செய்கிறது!

சோதித்துப் பாருங்கள்:

1. சிடி26 செல் வளரும் ஒரு தட்டில் சிஸ்பிளாட்டின், இன்னொன்றில் கால்ரெட்டிகுலினை வெளியே கொண்டுவரும் மைட்டோசாந்த்ரோன் மருந்து, மூன்றாவதில் எதுவும் வேண்டாம்.

2. செல்லைத் துளையிடாமல் கால்ரெட்டிகுலின் ஆன்டிபாடி போட்டு ஃபுளோ சைட்டோமெட்ரியில் (ஒவ்வொரு செல்லின் ஒளிர்வையும் அளக்கும் முறை) பாருங்கள். சவ்வு கிழிந்த செல்லில் மட்டும் நுழையும் சாயமான புரொப்பிடியம் அயோடைடு ஏறிய செல்களைக் கண்டிப்பாகக் கழித்துவிடுங்கள். சவ்வு கிழிந்த செல்லில் உள்ளே இருக்கும் கால்ரெட்டிகுலினும் சேர்ந்து ஒளிரும், நான் இதில் இரண்டு வாரம் ஏமாந்தேன்.

கால்ரெட்டிகுலின் வந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள், நோயெதிர்ப்புக்கு அபாயச் சமிக்ஞை தரும் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு), எச்எம்ஜிபி1 (உட்கருப் புரதம்) இரண்டும் வெளியே வர வேண்டும். அப்புறம், எலி பால்ப்/சி (சிடி26 செல் எடுக்கப்பட்ட அதே எலி இனம்) தானே? தைமஸ் இல்லாத நியூட் எலி என்றால், டி செல் இல்லாததால், எந்த மருந்தில் கொன்ற செல்லும் தடுப்பூசியாகப் பலிக்காது.